முதலில் தோட்டா, பிறகு துப்பாக்கி

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கீழே போய்த் திட்ட வேண்டாம்.

ஒரு வாரமாக ஒரே காணொளி எனக்கு ஏழெட்டு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. நம் ராணுவம் அமெரிக்காவிலிருந்து வாங்கிய சிக் 716 துப்பாக்கியைப் பற்றிய காணொளி. பின்னணியில் பாட்டு, கொடி, பனிமலை. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: பழைய இன்சாஸ் எதிரியைக் காயப்படுத்தும், புதிய சிக் எதிரியைக் கொல்லும். "இது தவறான விளக்கம், தம்பி" என்று ஒரு குழுவில் எழுதினேன். "சார், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? பாடம் நடத்தினவருக்குத் துப்பாக்கியைப் பத்தி என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியன். பொறியாளனும் இல்லை, ராணுவத்தில் இருந்தவனும் இல்லை. ஆனால் இயக்க ஆற்றலும் உந்தமும் பள்ளிப் பாடம்தான். கூட்டல், வகுத்தல் அதற்கும் கீழே. இந்த விஷயத்தில் நாடு சறுக்கியதைப் புரிந்துகொள்ள அவ்வளவு போதும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. துப்பாக்கி வாங்குகிறவன் முதலில் தோட்டாவை முடிவு செய்ய வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறோம்? அதைச் சுமக்கப்போகிறவன் யார்? எதிரே நிற்பவர் யார்? இவற்றுக்குப் பதில் கிடைத்தபின் எந்த நாட்டுத் துப்பாக்கி, என்ன விலை என்று பார்க்கலாம். நாம் 60 ஆண்டுகளாகச் செருப்பை வாங்கிவிட்டுக் காலை வெட்டிக்கொண்டிருக்கிறோம்.

*முதலில் பாடம்*

நம் ராணுவத்தின் கையில் இன்று மூன்று வகைத் தோட்டாக்கள் இருக்கின்றன. 5.56×45, 7.62×39, 7.62×51. முதல் எண் குழலின் உள்விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண் தோட்டாக்கூட்டின் நீளம். 7.62 என்று இரண்டில் எழுதியிருப்பதால் ஒன்றின் தோட்டாவை இன்னொன்றில் போடலாம் என்று நினைக்காதீர்கள். போட முடியாது. 39 என்பது ரஷ்ய ஏ.கே. வகை. 51 என்பது நேட்டோ நாடுகள் 1954இல் ஏற்றுக்கொண்ட பெரிய தோட்டா. இரண்டையும் வெறுமனே "7.62" என்று சொல்லிப் பேசுகிற காணொளியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

இப்போது கணக்கு. 5.56 குண்டு சுமார் 4 கிராம், வினாடிக்கு 900 மீட்டர் வேகம். நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்குங்கள், சுமார் 1,600 ஜூல். 7.62×39 குண்டு ஏறத்தாழ 8 கிராம், 700 மீட்டருக்குச் சற்று மேல். சுமார் 2,000 ஜூல். 7.62×51 குண்டு 9.5 கிராம், 800 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 3,000 ஜூல்.

"பார்த்தீர்களா சார், இரண்டு மடங்கு சக்தி!" என்று குதிக்க வேண்டாம். நியூட்டனின் மூன்றாம் விதியையும் அதே புத்தகத்தில்தான் படித்தோம். நிறையை வேகத்தால் பெருக்கினால் வரும் உந்தம் 5.56க்கு 3.6. பெரிய 7.62க்கு 7.6. அதாவது சுடுகிறவன் தோளில் விழும் உதையும் இரண்டு மடங்குக்கு மேல். அடுத்த குண்டுக்குக் குறியைத் திரும்பக் கொண்டுவர அவனுக்கு அவ்வளவு கூடுதல் நேரம் ஆகும்.

எடையையும் பாருங்கள். ஒரு முழுத் தோட்டா 5.56இல் 12 கிராம், ஏ.கே. வகையில் 16 அல்லது 17 கிராம், பெரிய 7.62இல் 24 கிராம். ஒரு கிலோ சுமந்தால் முதலாவதில் 80க்கு மேல், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 40 தோட்டா. பதினைந்தாயிரம் அடி உயரத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறவனுக்கு இது பரீட்சைக் கணக்கு இல்லை.

ஆகவே எந்தத் தோட்டாவும் எல்லாவற்றுக்கும் சிறந்தது இல்லை. ஒன்றைப் பெற ஒன்றைக் கொடுக்க வேண்டும். காயப்படுத்தும் தோட்டா, கொல்லும் தோட்டா என்று இரண்டு சாதி கிடையாது. 5.56உம் கொல்லும். உலகின் பாதி ராணுவங்கள் விளையாட்டுக்கா அதை வைத்திருக்கின்றன?

*1962க்குப் பிறகு வந்த பெல்ஜியத் துப்பாக்கி*

சீனப் போரில் நம் சிப்பாய்கள் கையில் இருந்தது பாயின்ட் 303. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கைப்பிடியைத் திருப்பி, இழுத்து, தள்ள வேண்டும். எதிரே இருந்தவர்களிடம் அரைத் தானியங்கித் துப்பாக்கி இருந்தது. அரைத் தானியங்கி என்றால் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். அந்த அடியிலிருந்து பாடம் படித்து நாம் எடுத்ததுதான் பெல்ஜியத்தின் ஃபால் துப்பாக்கி. இஷாப்பூரில் உருவாகி எஸ்.எல்.ஆர். என்ற பெயரில் வந்தது. தோட்டா 7.62×51. அரைத் தானியங்கி.

அந்தத் துப்பாக்கியை நான் குறை சொல்ல மாட்டேன். 1971 போரில் நின்றது. 30 ஆண்டுக்கு மேல் உழைத்தது. வெளிநாட்டு வடிவத்தை எடுத்து, நம் தொழிலாளி கையால் செய்து, தோட்டாவையும் இங்கேயே செய்தோம். இறக்குமதி என்றாலே எதிர்க்கிறவன் நான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆனால் அதன் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. ஃபாலை வடிவமைத்தவர்கள் முதலில் சிறிய தோட்டாவை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். பிரிட்டனும் அப்படி ஒரு சிறிய தோட்டாவை நேட்டோவிடம் முன்வைத்தது. அமெரிக்கா பெரியதே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. மற்றவர்கள் பணிந்தார்கள். துப்பாக்கியும் பெரிய தோட்டாவுக்காக மாற்றப்பட்டது. தொடர்ச்சியாகச் சுட்டால் குறி மேலே ஓடியது. அதனால் பிரிட்டனும் நாமும் அதை ஒற்றைச் சூடு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். அரைத் தானியங்கியாக அது நின்றுபோனதற்குத் தோட்டாவின் உதையே முக்கியக் காரணம்.

இவ்வளவு பிடிவாதம் பிடித்த அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? 1960களிலேயே எம் 16 துப்பாக்கியை எடுத்துக்கொண்டு 5.56க்குப் போய்விட்டது. அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாம் புதிதாகத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தோம்.

*பேனா கசிந்ததற்கு எழுத்தை மாற்றினோம்*

1990களில் நாமும் 5.56க்கு வந்தோம். புனேயில் இருக்கும் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் வடிவமைத்த இன்சாஸ். 1999இல் கார்கில். அந்தக் குளிரில் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டது, சுடும்போது சிக்கிக்கொண்டது என்று புகார்கள் வந்தன. சிப்பாயின் உயிரோடு விளையாடிய குறைகள். அவற்றுக்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கவனியுங்கள். விரிந்தது மேகசின். சிக்கியது இயங்குமுறை. தோட்டாவின் அளவு என்ன தப்புச் செய்தது? பொருள் தரமாக இல்லை என்றால் தரத்தைச் சரி செய்ய வேண்டும். நாம் எடுத்த முடிவோ "5.56 பலவீனமான தோட்டா" என்பது. பேனா கசிகிறது என்பதற்காக எழுத்தையே மாற்றிய கதை.

அதற்குப் பிறகு நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்கிறேன்.

2011: குழலை மாற்றினால் 5.56, 7.62×39 இரண்டையும் சுடக்கூடிய 66,000 துப்பாக்கிகள் வேண்டும் என்று டெண்டர். இத்தாலி, செக், இஸ்ரேல், அமெரிக்கா என்று நிறுவனங்கள் போட்டியிட்டன.

2015: ஏறத்தாழ நான்கு ஆண்டுக்குப் பிறகு அந்த டெண்டர் ரத்து.

2016: எங்களுக்கு வேண்டியது 7.62×51 என்று புதிய அறிவிப்பு. எஸ்.எல்.ஆர். காலத்துத் தோட்டாவுக்கே திரும்பிவிட்டோம்.

2017: அந்த அளவில் இஷாப்பூர் செய்த துப்பாக்கி சோதனையில் தேறவில்லை.

2019 பிப்ரவரி: அவசரக் கொள்முதலாக அமெரிக்க சிக் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகள். சுமார் 650 கோடி ரூபாய். 66,400 தரைப்படைக்கு, 4,000 விமானப்படைக்கு, 2,000 கடற்படைக்கு.

2019 மார்ச்: அடுத்த மாதமே அமேதி அருகே கோர்வாவில் ரஷ்யக் கூட்டு ஆலை தொடக்க விழா. அங்கே செய்யப்போவது ஏ.கே. 203. தோட்டா 7.62×39!

2021 டிசம்பர்: 6,01,427 ஏ.கே. 203க்கு ஒப்பந்தம். விழாவுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவே இரண்டே முக்கால் ஆண்டு. 2024 ஜூலை வரை படைகளுக்குக் கொடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டவை 35,000.

2024 ஆகஸ்ட்: மறுபடி சிக் 716. இன்னும் 73,000. சுமார் 837 கோடி.

பதின்மூன்று ஆண்டுக்குள் இரண்டு அளவும், பிறகு பெரியது, பிறகு நடுவில் உள்ளது, பிறகு மறுபடி பெரியது. ஒரு மாணவன் கணக்கில் இத்தனை முறை விடையை அடித்து அடித்து எழுதினால் அவனுக்கு விடை தெரியவில்லை என்பதோடு, கேள்வியே புரியவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

வகுத்தும் பாருங்கள். 2019இல் ஒரு சிக் ஏறத்தாழ 90 ஆயிரம் ரூபாய். 2024இல் 1 லட்சத்து 15 ஆயிரத்தை ஒட்டி. அவசரக் கொள்முதல் என்று சொல்லி ஆரம்பித்தது ஐந்து ஆண்டு கழித்தும் கடல் கடந்தே வருகிறது.

*தூரத்துக்கு என்று வாங்கினார்கள், தூரம் பார்க்கக் கருவி?*

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லையில் ஒரு மலைமுகட்டிலிருந்து இன்னொரு முகட்டுக்குச் சுட வேண்டியிருக்கிறது. எதிரிகள் இப்போது மார்புக்கவசம் அணிகிறார்கள். 5.56 அங்கே தளர்கிறது. இஸ்ரேலிலிருந்து வாங்கிய நெகேவ் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும் இதே 7.62×51 தோட்டாதான், ஆகவே வழங்கல் எளிது. அமெரிக்காவே 2022இல் 6.8 மில்லிமீட்டர் பெரிய தோட்டாவுக்குப் போயிருக்கிறது.

இவற்றில் உண்மை இருக்கிறது. மலைமுகட்டில் நிற்கும் சிப்பாய்க்குப் பெரிய தோட்டாவே சரி என்று ராணுவம் தீர்மானித்தால் நான் தலைவணங்கி ஏற்பேன். ஆனால் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆளை வெறுங்கண்ணால் குறிபார்த்து அடிப்பது எல்லோராலும் ஆகிற காரியமா? தூரத்துக்காகத் துப்பாக்கி வாங்கினால் தொலைநோக்குக் குறிக்கருவியும் கூடவே வர வேண்டும் அல்லவா? 2019இல் வாங்கிய சிக் துப்பாக்கிகளுக்கான இரவுநோக்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டது 2025 அக்டோபரில். தொகை 659 கோடி. முதல் தவணைத் துப்பாக்கிகளுக்குக் கொடுத்த அளவு பணம், கண்ணாடிக்கு மட்டும், ஆறு ஆண்டு கழித்து. காணொளி போட்டவர்கள் யாராவது இதைச் சொன்னார்களா?

அடுத்தது, மலைக்குப் பெரிய தோட்டா என்றால் பள்ளத்தாக்கில், வீட்டுச் சந்தில், காட்டில் தீவிரவாதியைத் தேடுகிறவனுக்கு எது? அங்கே தூரம் 50 மீட்டர், 100 மீட்டர். அதற்கு ஏ.கே. வகை சரி என்றால் அதையும் ஏற்கிறேன். அப்படியானால் "இந்தப் பணிக்கு இது, அந்தப் பணிக்கு அது" என்று ஒரே தாளில் 2011இலேயே எழுதியிருக்கலாமே? பத்தாண்டு ஏன்? அதுவரை பழைய இன்சாஸோடு ரோந்து போனவன் யார் வீட்டுப் பிள்ளை?

*திருச்சிக்காரன் கேட்கிறேன்*

7.62×39 வேண்டும் என்று முடிவானபோது, அதே அளவில் ஏ.கே. வகைத் துப்பாக்கியைச் செய்யத் தெரிந்த ஓர் ஆலை நம் நாட்டிலேயே இருந்தது. எங்கே? நவல்பட்டில். 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை. அங்கே செய்யும் துப்பாக்கிக்குப் பெயரே திருச்சி அசால்ட் ரைஃபிள்.

எங்கள் ஊர் ஆலை என்பதற்காக அதைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சிப்பாயின் உயிர் எங்கள் ஊர்ப் பெருமையை விடப் பெரியது. நான் கேட்பது பரீட்சை. ரஷ்யத் துப்பாக்கியையும் திருச்சித் துப்பாக்கியையும் ஒரே மணலில், ஒரே சேற்றில், ஒரே குளிரில் போட்டுச் சுட்டுப் பார்த்து மதிப்பெண் போடுங்கள், அதை மக்கள் முன் வையுங்கள். தோற்றால் எங்கே தோற்றது என்று ஆலைக்குச் சொல்லுங்கள், திருத்திக்கொள்ளட்டும். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்காமல் "நீ தேற மாட்டாய்" என்று சொல்வது எந்தப் பள்ளியில் நியாயம்? 2021 அக்டோபரில் துப்பாக்கித் தொழிற்சாலைகளை ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். பலகையை மாற்றியதால் குழலின் தரம் மாறாது.

*மூன்றாவது கேள்வி: எதிரே யார்?*

கடைசியாக, யாரும் பேசாத ஒன்று. ராணுவம் ஒரு துப்பாக்கியைக் கைவிட்டால் அது காயலான் கடைக்குப் போவதில்லை. மாநிலப் போலீசுக்கு வருகிறது. 1962இன் படிப்பினையில், போர்க்களத்துக்கு என்று தேர்ந்தெடுத்த எஸ்.எல்.ஆர். இன்று நம் ஊர் ஆயுதப்படைக் காவலர் தோளில் தொங்குகிறது. அதே 7.62×51. அந்தக் குண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது. ஓர் ஆளைத் துளைத்து வெளியேறி அடுத்தவரையும் அடிக்கக்கூடியது.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட்டை எதிர்த்து 100ஆவது நாள் ஊர்வலம். வேன் மேல் ஏறி, நீளத் துப்பாக்கியால் குறிபார்த்த காட்சியை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். எஸ்.எல்.ஆர். என்ற பெயர் அன்றுதான் பல வீடுகளுக்குத் தெரியவந்தது. 13 உயிர்கள் போயின. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. யார் உத்தரவிட்டார், யார் தண்டிக்கப்பட வேண்டும் என்பது பெரிய விவாதம். அதில் நான் இப்போது இறங்கவில்லை. என் கேள்வி சிறியது. மலைமுகட்டில் நிற்கும் அந்நிய ராணுவத்தானுக்கு என்று முடிவு செய்த தோட்டா, மனு கொடுக்கக் கலெக்டர் அலுவலகத்துக்கு நடந்து போன மக்கள் முன்னால் ஏன் வந்தது? கொடுத்தவர்கள் "எதிரே யார்?" என்று ஒரு முறையாவது கேட்டார்களா?

நாளை இன்சாஸ் போலீசுக்கு வரும். வந்துகொண்டும் இருக்கிறது. ஒருநாள் சிக்கும் வரும். அப்போதும் பாட்டுப் போட்டுக் காணொளி பகிர்வீர்களா?

*என்ன செய்ய வேண்டும்?*

ஒன்று. எந்தப் பணிக்கு எந்தத் தோட்டா என்பதை முதலில் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழு முன் வைக்க வேண்டும். குறைந்தது 20 ஆண்டுக்கு மாற்றக் கூடாது.

இரண்டு. எந்த இறக்குமதியானாலும் துப்பாக்கியோடு தோட்டா, குறிக்கருவி, உதிரிபாகம் நான்குக்கும் ஒரே கணக்கு. தனித்தனியாக வாங்கிவிட்டு விலை மலிவு என்று சொல்லக் கூடாது.

மூன்று. நம் ஆலைகளின் துப்பாக்கிக்கும் வெளிநாட்டுத் துப்பாக்கிக்கும் ஒரே சோதனை. மதிப்பெண் வெளியே வர வேண்டும்.

நான்கு. கூட்டத்தைக் கையாளப் போகும் போலீசுக்கு ராணுவத் தோட்டாவைக் கொடுப்பதற்குச் சட்டப்படி தடை.

"ராணுவத்தைக் கேள்வி கேட்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சிப்பாயைக் கேட்கவில்லை, சிப்பாய்க்காகக் கேட்கிறேன். ராணுவச் செலவைத் தணிக்கை செய்யக் கணக்குத் தணிக்கையாளரை வைத்திருப்பது நம் அரசமைப்புச் சட்டம். அதை எழுதியவர்கள் தேசத்துரோகிகளா?

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். என் எண்ணில் பிழை இருந்தால் சரியான எண்ணோடு வாருங்கள், வரவேற்கிறேன். ஆனால் "உனக்கு என்ன தெரியும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு தூரம், யார் சுமப்பது, எதிரே யார்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டுப் பிறகு என்னைத் திட்டுங்கள். அந்தக் காணொளி உங்கள் குழுவுக்கும் வந்திருந்தால் இதையும் அதன் கீழே போட்டுவிடுங்கள்.